வெளியேறிய நேரம்

காலியாக இருக்க வேண்டிய கட்டத்தில் 18.00 என்று இருந்தது.

நேர்கோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தான். இருபத்தேழு ஆட்கள், இருபத்தேழு வரிகள், கடைசி வரியின் கடைசிக் கட்டம். பத்து நிமிடத்துக்கு முன்னால் தன் கையாலேயே நிரலைத் திருத்தி, அந்தக் கட்டம் வெறுமையாக வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்து, அச்செடுக்கும் முன் சும்மா ஒரு முறை ஓட்டிப் பார்த்தால், அழைக்காத விருந்தாளி மாதிரி ஆறு மணி வந்து உட்கார்ந்திருக்கிறது.

நேர்கோடு என்பது அலுவலகத்தில் அவனுக்கு விழுந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையோடு சரி. அவன் எழுதும் நிரலிலிருந்து வரும் அறிக்கைகளில் பத்திகள் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல நேராக நிற்கும் என்பதால் வந்த பெயர் அது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அது ஒரு குளிர்பதனக் கிடங்கு. கீழ்த்தளத்தில் நான்கு உறைபனி அறைகள், மேலே அலுவலகம். விடுமுறை நாளானதால் மாடியில் அவனைத் தவிர ஆளில்லை. மணி நாலேகால். சன்னலுக்கு வெளியே நல்ல வெயில், தெருவில் ஆட்கள், எதிரே சலவைக்கடைக்காரர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் வாடை. கீழே ஓடும் குளிர் இயந்திரங்களின் முனகல் தரை வழியாக ஏறிக் காலணிக்குள் வந்து பாதத்தில் தங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாகப் பழகிய முனகல்தான். ஆனாலும் இன்றைக்கு ஏனோ அவன் இரண்டு முறை காலைத் தூக்கி நாற்காலியின் கம்பியில் வைத்துக்கொண்டான்.

அவன் செய்யும் வேலை சொல்வதற்குச் சின்னது. கணினிக்குள் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் எண், பெயர், வேலை செய்யும் அறை, உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம். வாசலில் அட்டையைத் தேய்த்தால் நேரம் தானாகப் பெட்டிக்குள் விழும். பெட்டிகளை வரிசையாக வைத்தால் அது பட்டியல். அந்தப் பட்டியலை எடுத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருப்பதை ஆளுக்கு ஒரு வரியாக, மனிதர் படிக்கிற எழுத்தாக மாற்றித் தருவதுதான் அவன் நிரல். தினமும் மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்தத் தாள் வாசல் கூண்டில் இருக்கும் அச்சு இயந்திரத்திலிருந்து வெளியே வரும். காவலாளி அதைப் பார்த்து, எல்லாரும் போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் விளக்கை அணைத்துக் கதவுகளைப் பூட்டுவார்.

ஆட்கள் அவசரத்தில் வெளியேறும்போது அட்டையைத் தேய்க்க மறப்பார்கள். அதனால் தாளில் அங்கங்கே கட்டங்கள் காலியாக விழும். "என்னப்பா இது, பல்லு போன வாய் மாதிரி இருக்கு. பாக்கவே சகிக்கல" என்று மேலாளர் ஒரு நாள் முகம் சுளித்தார். நேர்கோட்டுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அன்று மதிய இடைவேளையில், ஒரு கையில் சாப்பாட்டுக் கரண்டியோடு, மறு கையால் நிரலில் ஒரு வரி சேர்த்தான். வெளியேறிய நேரம் காலியாக இருந்தால் 18.00 என்று எழுது. பெட்டிக்குள் இருப்பதை அவன் தொடவில்லை. அங்கே வெறுமை வெறுமையாகவே இருந்தது. தாளில் மட்டும் அழகாக ஆறு மணி. எல்லாரும் சந்தோஷம்.

ஏழு வாரத்துக்கு முன்பு, விடுமுறைக்கு முந்தின நாள் மாலை, இருபத்தேழாம் எண் பெண் மூன்றாம் அறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வேலை செய்யும்போது ஓயாமல் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பதால் அவளைப் பாட்டுப்பெட்டி என்று கூப்பிடுவார்கள். தாளில் அவள் ஆறு மணிக்குப் போயிருந்தாள். காவலாளி பூட்டினார். உள்ளிருந்து திறக்கும் பிடி பனியில் இறுகிக் கிடந்தது. இரண்டு இரவும் ஒரு பகலும் கழித்துக் கதவைத் திறந்தார்கள்.

அந்தத் தாள் குப்பைக்குப் போய்விட்டது. தினமும் போவதுதான். காவலாளியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வயதில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன். வண்டியில் ஏறும் முன் நேர்கோட்டின் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, பேப்பர்ல ஆறுன்னு இருந்துச்சு. நீங்க எழுதின புரோகிராம்தானே. நீங்களே சொல்லுங்க தம்பி."

"எனக்கு ஞாபகம் இல்லண்ணே" என்றான் நேர்கோடு.

இப்போது விசாரணை அதிகாரி அன்றைய தாளை மறுபடி அச்சடித்துத் தரச் சொல்கிறார், இன்று ஆறு மணிக்குள். நிரலிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு அச்சடித்தால் போதும். இருபத்தேழாம் கட்டம் காலியாக வரும். காலியாக இருப்பதைப் பார்த்தும் பூட்டிய பாவி என்று அண்ணன் உள்ளே போவார். நேர்கோடு வெளியே இருப்பான். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் 18.00 வந்து நிற்கிறது.

நிரலைத் திறந்து பார்த்தான். அந்த வரி இல்லை. தேடச் சொன்னான். பதினெட்டு என்ற எண்ணே நிரலில் எங்கும் இல்லை என்றது கணினி. பழைய பிரதி ஏதாவது ஓடுகிறதோ என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இயந்திரத்தை அணைத்துப் போட்டு, முதலிலிருந்து ஓட்டினான். வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. இருபத்தாறு வரை சரசரவென்று வந்தவை, இருபத்தேழில் மட்டும் ஒரு நொடி தயங்கின. பிறகு வந்தது. பாட்டுப்பெட்டியின் பெயர், மூன்றாம் அறை, உள்ளே 13.52, வெளியே 18.00.

பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே வெறுமை. எழுத்தாக மாற்றினால் ஆறு மணி. மறுபடி திறந்தான், வெறுமை. மறுபடி மாற்றினான், ஆறு மணி.

விசைப்பலகை சில்லிட்டிருந்தது.

கைப்பேசி அதிர்ந்து மேசையில் நகர்ந்தது. மேலாளர்.

"முடிஞ்சுதா?"

"சின்ன சிக்கல் சார். பாத்துட்டிருக்கேன்."

"என்ன சிக்கல்? காலியா விடறதுல என்னப்பா சிக்கல்?" மேலாளர் சிரித்தார். "ஆறுக்குள்ள அனுப்பிடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவர் வைத்த பிறகும் காதில் ஒரு முனகல் மிச்சமிருந்தது. இயந்திரத்தின் முனகல்தான் என்று சொல்லிக்கொண்டான். மூன்று வருடமாக ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் இப்போது கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கியது, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மூடிய உதடுகளுக்குள் யாரோ ஒரு மெட்டைச் சப்பிக்கொண்டிருப்பதுபோல. அவன் எழுந்துபோய் சன்னலைத் திறக்கப் பார்த்தான். திறக்க முடியாத சன்னல் அது, குளிர் வீணாகாமலிருக்க இரட்டைக் கண்ணாடி போட்டு அடைத்தது. சலவைக்கடைக்காரர் வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சரி, நிரலே வேண்டாம் என்று முடிவு செய்தான். வெறும் எழுத்தாகத் தானே தட்டச்சு செய்துவிட்டால் போயிற்று. இருபத்தேழு வரிகளையும் ஒவ்வொன்றாக, பத்திகள் நேராக நிற்கும்படி இடைவெளி எண்ணி, அடித்தான். கடைசிக் கட்டத்தில் எதுவும் அடிக்காமல் விட்டான். திரையில் காலியாகத்தான் இருந்தது. அச்சு இயந்திரம் தாளை உள்ளே இழுத்து, மென்று, துப்பியது. கையில் எடுத்தான். அச்சு இயந்திரத்திலிருந்து வரும் தாள் சூடாக இருக்கும். இது ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல விரலில் ஒட்டியது.

கடைசி வரியின் கடைசிக் கட்டத்தில் 18.00.

அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருக்க அவன் என்ன முட்டாளா? அவள் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. அன்றைக்கு நீ என்ன எழுதிக் கொடுத்தாயோ அதையே கொடு என்கிறாள். இந்தத் தாளை அப்படியே அனுப்பினால் போதும். அண்ணன் வீட்டுக்குப் போவார், அவர் மனைவி விசாரணை அலுவலக வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை விட்டு எழுந்திருப்பாள். தாளைக் கையில் பிடித்தபடி நேர்கோடு ஒரு முழு நிமிடம் நின்றான். அந்த நிமிடம் முழுவதும் முனகல் நின்றிருந்தது. காத்திருந்தது.

"செத்தவங்களுக்கு இனி என்ன வந்துச்சு?" என்று வாய்விட்டுச் சொன்னான். "உயிரோட இருக்கறவன் நான். எனக்குக் குடும்பம் இருக்கு."

மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை மை புட்டியை எடுத்து, ஆறு மணியின் மேல் பூசினான். ஊதி ஊதிக் காய வைத்தான். ஊதிய மூச்சு புகையாகத் தெரிந்தது. காய்ந்த வெள்ளையில் மெல்ல ஒரு சாம்பல் நிறம் ஏறி, ஒன்று தெரிந்தது. பக்கத்தில் எட்டு. இன்னொரு பூச்சு. மறுபடி ஒன்று. மறுபடி எட்டு.

பயத்துக்கு மேல் கோபம் வந்தது அவனுக்கு. தன் நிரலுக்குள், தன் பத்திக்குள், தன்னைக் கேட்காமல் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்கிறாள். தாளைக் கசக்கி எறிந்தான். திரைக்குத் திரும்பி, இருபத்தேழாம் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, பட்டியலிலிருந்தே நீக்கினான். அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை, பின்வாசல் வழியாகத் திருட்டுத்தனமாக நுழைந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம். மேலாளருக்கு இது இன்னும் பிடிக்கும்.

நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது கணினி.

ஆமாம்.

முனகல் நின்றது. இயந்திரங்களும் நின்றன. அந்தக் கட்டடம் இவ்வளவு அமைதியாக இருந்து அவன் கேட்டதே இல்லை. கீழே எங்கோ, கனமான ஒரு கதவு ரப்பரிலிருந்து பிய்ந்து திறக்கும் சத்தம்.

பட்டியலில் இப்போது இருபத்தாறு பெட்டிகள். ஓட்டினான்.

இருபத்தேழு வரிகள் வந்தன.

கடைசி வரியைப் படித்தான். படித்தது மூளைக்குப் போகவில்லை. விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயர். கழுத்து அட்டையில் இருந்த பெயர். மூன்றாம் அறை. உள்ளே 13.52. வெளியே, காலி.

சுத்தமான, அழகான காலி. அவன் மதியத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் யாரோ இறங்கினார்கள். ஏறவில்லை, இறங்கினார்கள். மெதுவாக, விறைத்த கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து. அவன் நாற்காலியை விட்டு அசையவில்லை. கீழே வாசலில் அட்டை தேய்க்கும் இயந்திரம் கீச்சென்றது. ஒரே ஒரு முறை.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு.

இன்றைய பட்டியலைத் திறந்தான். இன்று உள்ளே வந்தவர்கள் இரண்டே பேர், புதுக் காவலாளியும் அவனும். அவன் பெயருக்கு நேரே, வெளியேறிய நேரத்தில், 18.00.

இது நிரல் போட்டதல்ல. பெட்டியைத் திறந்தான். பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அவளுடைய இடத்திலிருந்து அவளை எடுத்தான். அவள் அவனுடைய இடத்தை எடுத்துக்கொண்டாள்.

கதவுக்கு ஓடினான். கழுத்து அட்டையைத் தேய்த்தான். சிவப்பு விளக்கு. வெளியே போய்விட்டவனுக்கு உள்ளிருந்து கதவு திறக்காது, அந்த விதியை எழுதியதும் அவன்தான். மறுபடி தேய்த்தான். சிவப்பு. தோளால் இடித்தான். உலோகத்தில் பட்ட உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தான். தோல் கொஞ்சம் கதவிலேயே நின்றது.

சன்னல். கண்ணாடியில் உள்பக்கம் வெள்ளை படர்ந்திருந்தது. சட்டைக் கையால் தேய்த்து ஒரு ஓட்டை போட்டான். கீழே புதுக் காவலாளி கூண்டுக்குள் தாளைக் கிழித்தெடுத்தார். படித்தார். மேசைத் தொலைபேசியை எடுத்துக் கூண்டின் எண்ணை அழுத்தினான் நேர்கோடு. அதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். ஆளில்லாத கூண்டில் மணி அடித்தது. அவர் இரும்புக் கதவை இழுத்து இறக்கிப் பூட்டினார். தலையைத் தூக்கி மாடி சன்னலைப் பார்த்தார். நேராக அவனைத்தான். இவன் கையை ஆட்டினான், கத்தினான், கண்ணாடியை அறைந்தான். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாவிக்கொத்தை விரலில் சுற்றியபடி தெருவில் நடந்துபோனார். இன்னும் வெயில் இருந்தது. ஓட்டை மூடிக்கொண்டது.

விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கைப்பேசியை மூக்கால் அழுத்தி மனைவியைக் கூப்பிட்டான்.

"ஹலோ" என்றாள்.

"நான்தான். நான் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். யாரையாவது அனுப்பு."

"ஹலோ? ஒண்ணுமே கேக்கல." அவள் தலையைத் திருப்பிப் பக்கத்தில் யாரிடமோ பேசினாள். "என்னங்க, உங்க நம்பர்லேந்தே கூப்பிடறாங்க. போனை எங்க விட்டீங்க?"

மறுமுனையில் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம். அதற்கு நடுவே ஒரு குரல். அவன் குரல்.

"ஆபீஸ்ல. வெச்சுட்டு வந்துட்டேன்."

"சரி, நாளைக்கு எடுத்துக்கலாம்" என்று சொல்லி மனைவி துண்டித்தாள்.

மறுபடி கூப்பிட்டான். போகவில்லை. மறுபடி. போகவில்லை. ஒரு கம்பளிகூட இல்லாமல், மெல்லிய சட்டையோடு, மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டான். கடிகாரம் நின்றிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இமைகள் ஒட்டின. கைப்பேசி ஒளிர்ந்தது. குடும்பத்தார் எல்லாரும் இருக்கும் குழுவில் மனைவி எழுதியிருந்தாள்.

"அண்ணி, உங்க தம்பி ஆறு மணிக்கெல்லாம் ஆபீஸ்லேந்து கிளம்பி வந்துட்டாரு. வந்ததும் வராததுமா விசாரணை ஆபீசருக்கு என் போன்லேந்து பேசி, தப்பு முழுக்க என்னுதுதான், வாட்ச்மேன் அண்ணனை விட்டுடுங்கன்னு சொல்லிட்டாரு. எனக்குக் கை காலே ஓடல. அப்பறம் படுத்தவர்தான். ஒரே நடுக்கம். காய்ச்சல் இல்ல, உடம்பு பனிக்கட்டியா இருக்கு. என்ன செய்யறது?"

கீழே ஒரு படம். அவர்கள் படுக்கையறை. அவன் தலையணை. தலை முதல் கால் வரை மூடிய கம்பளிகள். கம்பளிக்கு வெளியே நீண்டிருந்த ஒரு கை, அதில் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர்களுக்குக் கொடுக்கும் நீலக் கையுறை. அந்தக் கையை மனைவியின் கை பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கையுறையைக் கழட்ட மாட்டேங்கறார்" என்று இன்னொரு வரி வந்தது. "முகத்தையும் காட்ட மாட்டேங்கறார்."

அது நான் இல்லை என்று எழுதினான். மூக்கால், கன்னத்தால், உணர்வில்லாத கட்டை விரலின் எலும்பால். அனுப்பினான். போகவில்லை. அவன் பெயரே குழுவில் இல்லை.

பிறகு அவன் அக்காவின் பதில் வந்தது. திரையின் வெளிச்சம் மங்கும் வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவம், மனசுல இவ்வளவு நாள் வெச்சுட்டு இருந்திருக்கான். இன்னொரு கம்பளி போத்திவிட்டு நீயும் பக்கத்துலயே படுத்துக்கோ. நல்லா தூங்கட்டும். யாரும் எழுப்பாதீங்க."